நாற்சந்தியில் கட்டிய மடம்: குளோன்மக்நாய்ஸ்

அயர்லாந்தின் குளோன்மக்நாய்ஸ் மடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஊர் உலகத்தை விட்டு ஒதுங்கி, ஆளரவமில்லாத ஆற்றங்கரையில் போய் ஏன் கட்டினார்கள்? இவ்வளவு பெரிய இடத்தை அழித்தது ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்த கொள்ளையர்களான வைக்கிங்குகள்தானா?

முதல் கேள்வியிலேயே ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அந்த இடம் இப்போதுதான் ஒதுக்குப்புறம். கட்டிய காலத்தில் அது அயர்லாந்தின் நாற்சந்தி. ஐரிஷ் துறவிகள் என்றாலே, கடலுக்கு நடுவே பாறைத் தீவில் தேன்கூடு மாதிரிக் கல்குடிசை கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் என்ற படம் நம் மனதில் பதிந்துவிட்டது. ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு உண்மையிலேயே அப்படித்தான். குளோன்மக்நாய்ஸ் அதற்கு நேர் எதிர். அது வளர்ந்ததும் சந்தியில் இருந்ததால்தான், அடி வாங்கியதும் சந்தியில் இருந்ததால்தான், கடைசியில் தேய்ந்ததும் சந்தி வேறு இடத்துக்கு நகர்ந்ததால்தான்.

நிலத்தைப் பார்த்தால் இது புரியும். அயர்லாந்தின் நடுப்பகுதி தட்டையானது, ஈரமானது, திரும்பிய பக்கமெல்லாம் பீட் சதுப்பு. செத்த பாசி மக்காமல் ஆயிரக்கணக்கான வருடங்களாக அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான் பீட். வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும். ஆனால் அதன்மேல் வண்டி ஓட்ட முடியாது, பலகையோ கல்லோ பரப்பாமல் மாடு நடத்த முடியாது. இந்தச் சதுப்புக்கு நடுவே கிழக்கு மேற்காக ஒரு மேட்டு வரிசை ஓடுகிறது. பனியுகத்தின் முடிவில் பனிப்பாளத்துக்கு அடியில் சுரங்கம் மாதிரி ஓடிய உருகுநீர் இழுத்துவந்து போட்ட மணலும் சரளையும்தான் அது. பனி போய்விட்டது, சரளை மட்டும் முதுகெலும்புபோல் நீளமாக நின்றுவிட்டது. ஐரிஷ் மொழியில் இதற்கு எஸ்கிர் என்று பெயர். உலகம் முழுக்க நிலவியல்காரர்கள் இன்று எஸ்கர் என்று சொல்வது இங்கிருந்து போன சொல்தான்.

கால் நனையாமல் நாட்டைக் குறுக்கே கடக்க இருந்த வழி இந்த மேடு. பழைய ஐரிஷ் நூல்கள் இதன்மேல் போன பாதையை ஸ்லீ வோர் என்கின்றன. ‘பெருவழி’ என்று பொருள். கிழக்கே டப்ளின் பக்கத்திலிருந்து மேற்கே கால்வே வரை போனது அது. இன்னொரு பக்கம் வடக்கிலிருந்து தெற்காக ஷானன் ஆறு, அயர்லாந்தின் மிக நீளமான நதி, லிமெரிக் வழியாக அட்லாண்டிக்கில் போய்ச் சேர்வது. பெருவழியும் பேராறும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் மடம் நிற்கிறது. ஆற்றுக்கு மேற்கே கொனாக்ட் அரசு, கிழக்கே மீத் அரசு, தெற்கே கொஞ்ச தூரத்தில் மன்ஸ்டர். மூன்று ராஜ்ஜியத்தின் ஓரமும் அந்த வட்டாரத்தில் வந்து முட்டுகிறது. ஒதுங்கி வாழ நினைப்பவன் தேர்ந்தெடுக்கும் இடமா இது?

சரி, யார் தேர்ந்தெடுத்தார்? கியரான் என்ற இளைஞர். அவருடைய அப்பா ராஜா இல்லை, தலைவன் இல்லை, தச்சர். ‘தச்சன் மகன்’ என்றே கியரானைக் குறிப்பிடுவார்கள். குளோனார்டில் ஃபின்னியன் என்ற குருவிடம் படித்தார், அரான் தீவில் எண்டாவிடம் இருந்தார், லாக் ரீ என்ற ஏரியின் தீவு ஒன்றில் சிறிது காலம் தங்கினார். அப்புறம் ஒரு சின்னக் கூட்டத்தோடு ஆற்றோடு இறங்கி வந்து இந்தப் புல்மேட்டில் நின்றார். வருடம் 544 என்று சிலர் சொல்கிறார்கள், 548 என்று சிலர். முதல் கம்பை நட்டபோது டியர்மட் என்ற அரச குலத்தவர் கூடக் கைபிடித்தார் என்றும், பின்னால் அவரே அயர்லாந்தின் பேரரசருக்குரிய தாரா அரியணையில் ஏறினார் என்றும் கதை. வந்து ஒரு வருடம்கூட முடியவில்லை, கொள்ளைநோயில் கியரான் இறந்துவிட்டார். வயது 33 என்கிறது மரபு. அது கிறிஸ்துவின் வயது, அதனால் அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவியவர் உடனே போய்விட்டது ஒருவகையில் மடத்துக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம். மற்ற பெரிய மடங்களில் மடாதிபதி பதவி நிறுவியவரின் குலத்துக்குள்ளேயே சுற்றிவரும். ஸ்காட்லாந்துக் கரையோரத் தீவான அயோனாவின் மடத்தில் அதை நிறுவிய கொலம்பாவின் சொந்தக்காரர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். இங்கே பின்னால் நிற்க ஒரு பெரிய அரச குலம் இல்லை. பல பகுதிகளின் சாதாரணக் குடும்பங்களிலிருந்து அதிபதிகள் வந்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருந்ததால் எல்லா ராஜாக்களும் இங்கே பணம் போட்டார்கள், புதைக்கப்படவும் விரும்பினார்கள்.

படத்தில் தெரியும் நாலைந்து கல் கோயிலையும் இரண்டு கோபுரத்தையும் வைத்து அளவு போடாதீர்கள். அது ஊரின் நடுப்பகுதி மட்டும்தான். சுற்றிலும் மரக்கம்பு நட்டு, மிலாறு பின்னி, மண் பூசிய வீடுகள் இருந்தன. அவை மக்கிப் போய்விட்டன. 1990-களில் பக்கத்துப் புதிய கல்லறைத் தோட்டத்தில் தோண்டியபோது வீட்டுத் தடங்கள், கல் பாவிய தெரு, இரும்பும் வெண்கலமும் வேலைசெய்த அடையாளம், மான்கொம்பில் சீப்பு செய்த மிச்சம் எல்லாம் கிடைத்தன. 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கே 1,500 முதல் 2,000 பேர் இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். மடம் என்பதைவிட, நடுவில் மடம் உள்ள ஊர் என்று சொல்வதுதான் பொருந்தும்.

பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாற்சந்தி என்று நான் சொல்வதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி அதுதான். ஆற்றின் அடியில், கலங்கிய தண்ணீருக்குள், முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது சேற்றில் குத்தி நின்ற பெரிய ஓக் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் மரம் வெட்டிய வருடம் கி.பி. 804 என்று வந்தது. நீளம் 120 மீட்டருக்கு மேல். அந்தக் காலத்தில், அந்த அகலமான ஆற்றில், முழுக்க மரத்தால் ஒரு பாலம்! பக்கத்திலேயே மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களும் கிடந்தன. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் யாரும் இப்படியொரு பாலத்தைக் கட்டமாட்டார்கள்.

ஆற்றோரம் ஷானன் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு தட்டை. குளிர்காலத்தில் கரை மீறிப் புல்வெளி முழுக்கத் தண்ணீர் பரவும். வடியும்போது வண்டல் விட்டுப் போகும். கோடையில் இடுப்புயரம் புல். ஊர்ப் பெயரிலேயே உள்ள ‘க்ளூன்’ என்ற சொல்லுக்குப் புல்வெளி என்றுதான் பொருள். புல் இருந்தால் மாடு. அந்தக் கால அயர்லாந்தில் மாடுதான் செல்வம். கன்றுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தால் எழுதும் தோல். வெள்ளம் வடிந்த புல்வெளியிலிருந்து புத்தகம் வரை ஒரே சங்கிலி.

அந்தப் புத்தகங்களில் ஒன்றுக்கு மாட்டின் பெயரே நிலைத்துவிட்டது. லெவர் ந ஹுய்ரெ, ‘பழுப்புப் பசுவின் நூல்’. கியரான் படிக்கப் போனபோது வீட்டுப் பசு ஒன்று பின்னாலேயே போனதாம், அதன் தோலில் எழுதிய நூலாம். கணக்கு ஒத்துவராது, பசு 6-ஆம் நூற்றாண்டு, நூல் 1100-ஐ ஒட்டி எழுதியது. இன்று டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கிறது, 67 ஏடுகள் மிச்சம். முழுக்கமுழுக்க ஐரிஷ் மொழியிலேயே எழுதப்பட்டு நம் கைக்கு வந்திருக்கும் இலக்கியக் கையெழுத்துப் பிரதிகளில் இதுதான் மிகப் பழையது. டாய்ன் என்ற மாடுபிடிப் போர்க் காவியத்தின் ஆகப் பழைய வடிவம் இதில்தான் உள்ளது. கிறிஸ்தவத் துறவிகள் கிறிஸ்தவத்துக்கு முந்தைய வீரர் கதைகளை உட்கார்ந்து படியெடுத்திருக்கிறார்கள்.

எழுதியவர் யார் என்று எப்படித் தெரியும் தெரியுமா? இறகுப் பேனாவைச் சீவி, எழுதுகிறதா என்று பார்க்க ஏட்டின் ஓரத்தில் கிறுக்குவோமே, அப்படி ஒருவர் ‘மாயில் முய்ரே பேனாவைச் சோதித்துப் பார்த்தது’ என்று எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்துக்குக் கையெழுத்துப் போட நினைத்தவர் அல்ல. மை வருகிறதா என்று பார்த்தவர். அவர் குடும்பத்தைப் பற்றியும் தெரியும். தாத்தா பெயர் கொன், பட்டப்பெயர் ‘ஏழைகளின் கொன்’. 1031-இல் ஏழைகளுக்கான விடுதிக்குத் தன் மாடுகளில் 20-ஐ ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தவர். தாத்தா, அப்பா, மகன் என்று மடத்துக்குள்ளேயே குடும்பமாக இருந்திருக்கிறார்கள். மாயில் முய்ரே 1106-இல் இறந்தார். கொள்ளையடிக்க வந்தவர்கள் அவரைக் கல் கோயிலின் நடுவில் வைத்துக் கொன்றார்கள். வந்தவர்கள் வைக்கிங்குகள் என்று, மடங்களில் வருடவாரியாக எழுதிவைத்த ஆண்டுக் குறிப்பு சொல்லவில்லை. 1106-இல் அதற்கு வாய்ப்பும் குறைவு.

இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வழி. வைக்கிங்குகள் வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. 842-இல் முதல் தாக்குதல். அதற்குப் பிறகு துர்கெய்ஸ் என்ற தலைவன் லாக் ரீ ஏரியில் கப்பலை நிறுத்திக்கொண்டு சுற்றுவட்டாரத்தையே சூறையாடினான். 922-இல் லிமெரிக்கிலிருந்து ஒரு கப்பற்படை ஆற்றோடு ஏறி வந்தது. துர்கெய்ஸின் மனைவி ஓட்டா பலிபீடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து குறி சொன்னாள் என்ற கதையும் உண்டு. அதை எழுதியது கிட்டத்தட்ட 250 வருடம் கழித்து, மன்ஸ்டர் ராஜாக்களின் புகழ் பாட வந்த ஒரு நூல், நான் நம்பமாட்டேன்.

ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு என்ன? 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வைக்கிங் தாக்குதல் 8, ஐரிஷ்காரர்களே நடத்திய தாக்குதல் 27. வைக்கிங்குகள் வருவதற்கு முன்பே மடங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. 760-இல் பிர் மடத்தோடு ஒரு சண்டை. 764-இல் கொலம்பாவின் டர்ரோ மடத்தோடு இன்னொன்று. அதில் டர்ரோ பக்கம் 200 பேர் செத்தார்கள். துறவிகள் வாள் எடுத்தார்களா என்று கேட்கத் தோன்றும். மடத்துக்கு நிலம் இருந்தது, நிலத்துக்குக் குடிகள் இருந்தார்கள், குடிகளுக்கு ஈட்டி இருந்தது.

ஃபெலிம் என்ற மன்ஸ்டர் ராஜா இன்னும் விசித்திரம். அவரே மதப்பற்றுள்ள துறவு இயக்கத்தோடு தொடர்புள்ளவர். 833-இல் வந்து மடத்து ஆட்களைக் கொன்று, கோயில் வாசல் வரை எரித்துவிட்டுப் போனார். 846-இல் மறுபடி வந்து மடத்து நிலத்தைச் சூறையாடினார். அன்றிரவு செத்து 300 வருடமான கியரான், மடாதிபதிக்குரிய தன் வளைந்த தடியோடு பின்னால் வந்து ஒரே குத்து குத்தினார், உள்ளுக்குள் காயம், சாகும்வரை ஆறவில்லை என்று ஆண்டுக் குறிப்பு எழுதுகிறது. அடுத்த வருடமே ஃபெலிம் இறந்தார். படை இல்லாத இடத்துக்கு இருந்த ஒரே ஆயுதம் அந்தத் தடிதான்.

தடி இன்னொரு முறையும் வேலை செய்தது. 1129-இல் பலிபீடத்திலிருந்த விலையுயர்ந்த பொருள்கள் திருட்டுப் போயின. அடுத்த வருடம் கில்லா கோம்கான் என்பவன் லிமெரிக்கில் பிடிபட்டான். தூக்கில் போடுவதற்கு முன் சொன்னானாம்: கார்க், லிஸ்மோர், வாட்டர்ஃபோர்ட் என்று ஒவ்வொரு துறைமுகமாகப் போனேன், மற்ற கப்பலுக்கெல்லாம் காற்று அடித்தது, நான் ஏறிய கப்பல் மட்டும் நகரவில்லை, கியரான் தடியை நீட்டித் தடுத்துக்கொண்டு நின்றார். திருட்டு நகையை வெளிநாட்டில் விற்க ஒருவன் துறைமுகம் துறைமுகமாக அலைந்தான் என்ற செய்தியே எனக்குப் போதும். இந்த ஊரின் தொடர்பு எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்று அதில் தெரிகிறது.

நான் போனபோது அதிக நேரம் நின்றது வேதாகமச் சிலுவை எதிரில்தான். மழையிலிருந்து காக்க அசல் சிலுவையை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வெளியில் நிற்பது நகல். ஒரே மணற்கல்லில் செதுக்கியது, 4 மீட்டர் உயரம் இருக்கும், உடல் முழுக்கக் கட்டம் கட்டமாக வேதாகமக் காட்சிகள். கீழ்ப்பக்கம் ஒரு கட்டத்தில் கிறிஸ்துவின் கல்லறைக்குக் காவலிருக்கும் வீரர்கள் தூங்கி வழிகிறார்கள். உள்ளே துணி சுற்றிய உடலின் வாயில் ஒரு பறவை அலகை வைத்து உயிரூதுகிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் அந்தப் பறவை தெரியும். கிழக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே கம்பை நான்கு கையால் பிடித்து நடுகிறார்கள். கியரானும் டியர்மட்டும்தான் என்று பலர் சொல்கிறார்கள். அடியில் தேய்ந்த எழுத்தில், ஃப்ளான் ராஜாவுக்காகப் பிரார்த்தனை, சிலுவை செய்வித்த கோல்மானுக்காகப் பிரார்த்தனை என்று இருக்கிறது. இந்த ஃப்ளானும் மடாதிபதி கோல்மானும் சேர்ந்துதான் 909-இல் கதீட்ரலைக் கல்லில் கட்டினார்கள்.

கதீட்ரல் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள், உள்ளே 19 மீட்டர் நீளம்தான். மேற்கு வாசல் சுவரின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். கட்டியவர்கள் தப்புப் பண்ணவில்லை. பின்னால் தெற்குச் சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டியதில் வாசல் ஓரமாகிவிட்டது. வடக்கு வாசல் 15-ஆம் நூற்றாண்டு வேலை. அதன் விளிம்புக் குழிவில் ஒருவர் மெல்லப் பேசினால் மறுபக்கம் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். தொழுநோயாளிகள் பாதிரியாரைத் தொடாமல் பாவமன்னிப்புக் கேட்க வைத்த ஏற்பாடு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கென்னவோ வாசல் முதலில் வந்தது, கதை பிறகு வந்தது என்றுதான் படுகிறது. ஆனால் பேசிப் பார்த்தேன், கேட்கிறது.

கல்லறைப் பலகைகள் 700-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரு சிலுவை, ஒரு பெயர், ‘இன்னாருக்காகப் பிரார்த்தனை’ என்ற ஒரு வரி. அதில் ஒன்றில் ‘துவஹல் சேர்’ என்று இருக்கும். சேர் என்றால் கைவினைஞன், தச்சன். கியரானின் அப்பாவைக் குறிக்கும் அதே சொல். ராஜாக்கள் படுத்திருக்கும் மண்ணில் ஒரு தச்சனுக்கும் பெயர் பொறித்த கல். அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் ரோரி ஓ'கானரையும் 1198-இல் இங்கேதான் கொண்டுவந்து புதைத்தார்கள்.

கொஞ்சம் கிழக்கே நடந்தால் கன்னியர் கோயில். 1167-இல் கட்டி முடித்தது, செய்வித்தவள் டெர்வோர்கில்லா. 1152-இல் லென்ஸ்டர் ராஜா டியர்மட் மக்மரோ தூக்கிக்கொண்டு போனது இவளைத்தான் (கூடப் போனாளா, தூக்கிக்கொண்டு போனானா என்று இன்னும் பேசுகிறார்கள்). கணவனின் பகை ஆறவில்லை. 1166-இல் மக்மரோவை நாட்டைவிட்டே துரத்தினார்கள், அவன் உதவி கேட்டுக் கடல் தாண்டினான், 1169-இல், அப்போது இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களின் வீரர்கள் வந்து இறங்கினார்கள். பத்தே வருடத்தில், 1179-இல், குளோன்மக்நாய்ஸில் 105 வீடுகள் எரிந்தன.

ஆனாலும் தீயால் இந்த ஊர் சாகவில்லை. மரவீடுதானே, எரிந்தால் அடுத்த கோடைக்குள் மறுபடி கட்டிவிடுவார்கள். 300 வருடமாக அதைத்தான் செய்தார்கள். சாகடித்தது வேறு. ஒன்று, 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன், அகஸ்டீனியன் என்று ஐரோப்பியத் துறவுச் சபைகள் வந்தன. பணமும் பக்தியும் அந்தப் பக்கம் போயின. மறைமாவட்டங்களைப் பிரித்தபோது குளோன்மக்நாய்ஸுக்குக் கிடைத்தது ஒரு துண்டு. இரண்டாவதுதான் முக்கியம். வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் அத்லோன். 1120-இலேயே டர்லோ ஓ'கானர் அங்கே ஒரு பாலம் போட்டார். 1210-இல் நார்மன்கள் அதே இடத்தில் பாலமும் கல்கோட்டையும் கட்டினார்கள். குளோன்மக்நாய்ஸிலும் 1214-இல் ஒரு கோட்டை எழுந்தது. இன்று பாதி சாய்ந்து, கவிழ்ந்துவிடும் போல நிற்கிறது. போக்குவரத்து அத்லோனுக்குப் போய்விட்டது. பெருவழி ஒரு வயல் பாதையாகச் சுருங்கியது. 1552-இல் அத்லோன் கோட்டையின் ஆங்கிலேயப் படை வந்து, பெரிய மணி, சின்ன மணி, சிலை, பலிபீடம், புத்தகம், ஜன்னல் கண்ணாடி வரை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போனபோது, அது ஏற்கெனவே வறண்டுபோன சின்ன ஊர். அவர்கள் வந்ததுகூட அந்தப் புதிய சந்தியிலிருந்துதான்.

சுற்றியிருந்த சதுப்பின் கதை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. பக்கத்திலிருந்த பிளாக்வாட்டர் சதுப்பை 20-ஆம் நூற்றாண்டில் இயந்திரம் வைத்துச் சுரண்டி, குட்டி ரயிலில் ஏற்றி, ஷானன்பிரிட்ஜ் மின்நிலையத்தில் எரித்தார்கள். அந்த மின்நிலையம் 2020 டிசம்பரில் நின்றது. மடத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் மோங்கன் சதுப்பு மட்டும் வெட்டப்படாமல் பாதுகாப்பில் தப்பியது. துறவிகள் பார்த்த நிலம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் எஸ்கர் மேட்டில் ஏறி அதைத்தான் பார்க்க வேண்டும்.

போனால் கியரான் கோயிலைத் தவறவிடாதீர்கள். எல்லாவற்றிலும் சின்னது, நாலு மீட்டர் நீளம்கூட இல்லை, சுவர்கள் சாய்ந்திருக்கும். அவரைப் புதைத்த இடம் என்று நம்பிக்கை. சுற்றுவட்டார விவசாயிகள் அதற்குள்ளிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய் வயலின் நாலு மூலையிலும் தூவுவார்கள். பயிரும் மாடும் நன்றாக இருக்கும் என்று. தலைமுறை தலைமுறையாக அள்ளியதில் உள்தரை வெளித்தரையைவிடத் தாழ்ந்து போய், மேற்கொண்டு அள்ளாமல் இருக்கக் கற்பலகை பாவ வேண்டியதாயிற்று. குனிந்து உள்ளே காலை வைக்கும்போது பார்த்து இறங்குங்கள்.